நான்கு லீவில் பத்து நாள்

டிசம்பர் பாதி கடந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் ஏறிவிடும். மகனுக்கு ஒரு கம்பெனி, மருமகளுக்கு வேறொரு கம்பெனி. இரண்டின் அடுத்த வருட விடுமுறைப் பட்டியலும் வந்திருக்கும். இரண்டையும் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

"பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள் போட்டா அஞ்சு நாள் வருது பாரு."

"எனக்கு அந்தத் திங்கக்கிழமை இல்ல."

"அன்னிக்கு ஜுரம்னு சொல்லிடு. ஒரு நாள்தானே?"

பேத்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். கடலுக்கா மலைக்கா என்று அவளுக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.

போன டிசம்பரிலும் அப்படித்தான். நான் எழுந்து பால்கனிக்குப் போனேன். வந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி பால்கனி. செடிக்கு ஊற்றியது போதாதென்று இன்னொரு சொம்பு ஊற்றினேன். "மாமா, இந்தப் பேச்செடுத்தாலே உங்களுக்கு இருப்புக் கொள்ள மாட்டேங்குதே" என்றாள் மருமகள். கால் மரத்துப்போய்விட்டது என்று சொன்னேன்.

கால் மரத்துப்போகவில்லை. நம் வயதுக்காரர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் ஆபீசில் இருந்தவர்கள். லீவு லெட்டர் எழுதியிருப்பீர்கள், லீவு மறுத்திருப்பீர்கள். நான் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஒரு முறைகூட ஒரு பண்டிகையோடு என் லீவைச் சேர்த்து எடுத்ததில்லை. கடமை உணர்ச்சி என்று என் பிரிவுபசார விழாவில் பேசினார்கள். அது கடமை உணர்ச்சி இல்லை.

நாங்கள் அப்போது ஆரணியில் குடியிருந்தோம். அம்மாவுக்கு அது பிறந்த ஊர். அம்மாவின் அப்பாவும் தம்பியும் பட்டு நெசவாளர்கள். அடுத்த தெருவில் அவர்கள் வீடு. தறிச் சத்தம் எங்கள் கொல்லைவரை கேட்கும். எங்கள் குடும்பத்தில் அப்பா மட்டும் ஆபீஸ்காரர். சர்க்கார் ஆபீசில் எழுத்தர். அக்காவை முந்தின வருடம் வெம்பாக்கத்தில், நிலபுலம் உள்ள ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். வீட்டில் நான், அப்பா, அம்மா, மூன்று பேர்தான்.

அப்பா அதிகம் பேச மாட்டார். என்னோடு பேசியதெல்லாம் விளக்கைத் துடைத்தாயா, செருப்பை உள்ளே வைத்தாயா என்ற மாதிரிதான். அவருக்கென்று வருடத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பன்னிரண்டு நாள் கேஷுவல் லீவு. வருடம் முழுவதையும் ஒரே தாளில் அச்சடித்த காலண்டர் ஒன்றை அலமாரிக் கதவின் உட்புறம் மைதா பசையால் ஒட்டியிருப்பார். ஆபீசில் கொடுத்த பென்சில் ஒன்று அங்கேயே நூலில் தொங்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சர்க்கார் விடுமுறைகளுக்குச் சிவப்பு வட்டம். தன் லீவுக்கு நீல வட்டம். அந்தப் பென்சிலின் நீல முனையை எச்சில் தொட்டு எழுதினால் வாயில் ஒரு கசப்பு வரும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், திருட்டுத்தனமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த மாதிரிப் பென்சில் கடையில் கேட்டால் ஆர்ட் பென்சிலா சார் என்கிறார்கள்.

அந்த வருடம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பதினோரு வயது. காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வாய் ஆயுத பூஜை, புதன் விஜயதசமி. அந்த வாரத்துச் சனி, மாதத்தின் இரண்டாவது சனி. அந்தக் காலத்தில் மற்ற சனிக்கிழமைகளில் ஆபீஸ் உண்டு, இரண்டாவது சனி மட்டும் கிடையாது. இடையில் இருந்த ஒரு சனி, ஒரு திங்கள், ஒரு வியாழன், ஒரு வெள்ளி ஆகியவற்றுக்கு லீவு போட்டால் வெள்ளியில் தொடங்கி மறுவாரம் ஞாயிறு வரை ஒரே நீட்டு. விரல் விட்டு எண்ணினேன். பத்து நாள். அப்பாவிடம் மிச்சமிருந்தது சரியாக நான்கு லீவு.

அப்பா ஆபீசிலிருந்து வந்து கை கால் கழுவியதும் சொன்னேன். அவர் போய் அலமாரியைத் திறந்தார். பென்சிலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் திரும்பிப் பார்த்தார்.

"கேஷுவல் லீவும் ஹாலிடேயும் சேந்து பத்து நாளைக்கு மேல போவக் கூடாதுன்னு ரூல். தெரியுமா உனக்கு?"

"தெரியாதுப்பா."

"சரியா பத்து வருது." அப்பா சிரித்தார். "ஒரு நாள் கூடவும் இல்ல, கொறைவும் இல்ல."

மறுநாள் ஆபீசில் விண்ணப்பம் கொடுத்தபோது தலைமை எழுத்தர், இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்ல, எவன்யா கணக்குப் போட்டது என்று கேட்டாராம். அப்பா, "எம் பையன்" என்று சொன்னாராம். இதை அம்மாவிடம் அவர் சொல்லும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்த வாரமே அப்பாவின் சிநேகிதர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "தம்பி, எனக்கு மூணு லீவு கீது, இன்னா பண்ணலாம்?" என்று என்னிடம் கேட்டார்கள். அம்மா எல்லோருக்கும் காபி போட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர்களுக்குத் தேதி சொன்னேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பத்து நாளுக்கு அப்பா போட்ட திட்டம் இது. வெள்ளிக்கிழமை காலை மெட்ராசுக்குக் கிளம்புவது. அங்கே சித்தப்பா வீட்டில் தங்கிக் கடல், மிருகக்காட்சி சாலை, எல்லாம் பார்ப்பது. இரண்டாவது சனிக்கிழமை காஞ்சிபுரம் வழியாகத் திரும்பி, வெம்பாக்கத்தில் இறங்கி, அக்காவுக்கு வளையல் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை அவளைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வருவது. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். எட்டாம் மாதத்தில் அழைத்து வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன அன்றே திரும்பவும் கூடாது. ஒரு நாள் தங்கி, மறுநாள் அழைத்து வர வேண்டும்.

அம்மாவுக்கு முழுச் சம்மதம் இல்லை. "ஏழு பொறந்ததுமே இட்டாந்துடலாமே. ஒரு ஞாயித்துக்கிழமையும் ஒரு லீவும் போதுமே" என்றாள்.

"ஒரு லீவு போனா பத்து நாள் ஒடைஞ்சிடும். கடைசில இட்டாந்தாலும் ஏழாம் மாசந்தானே?" என்றார் அப்பா.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. ஒல்லியான உடம்பு, பெரிய குரல். அப்பாவின் லீவு விவகாரத்தைக் கிண்டல் செய்வதற்கென்றே எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பாவை ஆபீசரே என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா ஆபீசரே, பத்து நாளாமே? நாங்கள்லாம் இன்னா பாவம் பண்ணோம்? எங்களுக்கு ஞாயிறும் கெடையாது சனியும் கெடையாது. வானத்துல நெலா இல்லாத நாளு எங்களுக்கு லீவு. அதுக்கு எந்த ஹெட் கிளார்க்கும் கையெழுத்துப் போடத் தேவையில்ல."

நெசவுத் தெருக்களில் அமாவாசைதான் விடுமுறை. அன்று யாரும் தறியில் இறங்க மாட்டார்கள். மாமா அன்று குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். எனக்கு நினைவு தெரிந்து ஒரு அமாவாசையும் தவறியதில்லை.

அந்தப் புரட்டாசி அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாங்கள் மெட்ராஸ் கிளம்ப ஐந்து நாள் இருந்தது. அப்பா திதி கொடுக்க வேண்டிய நாள். தாத்தா உயிரோடு இருந்ததால் மாமாவுக்கு அந்தக் கடமை இல்லை. அம்மா முறுக்கு, அதிரசம், ஒரு பாட்டில் நெல்லிக்காய் ஊறுகாய் எல்லாம் கட்டி, "தம்பி, நீ போயி பொண்ண ஒரு எட்டுப் பாத்துட்டு வா. இன்ன தேதிக்கு வரோம்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டு வா" என்றாள். நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன்.

செய்யாறில் பஸ் மாறினோம். ஊறுகாய் பாட்டில் என் மடியில். மூடி சரியில்லாமல் எண்ணெய் கசிந்து அரை டிராயரெல்லாம் வாசனை. மாமா, "டேய் காலண்டரு, மெட்ராசுல கடலாண்ட போயி நிக்கும்போது மாமாவ நெனச்சிக்க. நான் இங்க தறி நாடாவோட பல்லக் கடிச்சிகினு இருப்பேன்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

அக்கா வீட்டில் மாமாவை வாசல் பக்கத்துக் கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். அக்காவின் மாமனார் வேர்க்கடலைச் சாகுபடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அக்கா உள்கதவு வரை வந்து தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு, "நல்லா கீறியா மாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். புடவை தரையில் இழுபட்டது. அவள் முகம் உருண்டையாக, கன்னம் உப்பிப் பளபளவென்றிருந்தது. மாமாவுக்கு அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். "பொண்ணு நல்லா சத போட்டிருக்குது" என்று சம்பந்தியிடமே சொன்னார். ஆண்பிள்ளை, பெண்கள் இருக்கும் உள்கட்டுக்குள் போக முடியாது. நான் போனேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு உரல் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். இரண்டு பாதமும் பன் மாதிரி வீங்கியிருந்தன. மெட்டி சதைக்குள் புதைந்து, விரல் கருஞ்சிவப்பாக இருந்தது. விரலால் அமுக்கிக் காட்டினாள். குழி விழுந்தது. எழும்பவே இல்லை.

"தலவலி தாங்கலடா. ரெண்டு நாளா கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. அத்தகிட்ட சொன்னா, மொதப் புள்ளைக்கு எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்றாங்க. எங்க ஊட்டுக்காரரு வயலே கதின்னு கீறாரு. லெட்டர் எழுதினா படிச்சிடுவாங்க."

நான் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ அம்மாகிட்ட சொல்லு. வெள்ளிக்கிழம காந்தி ஜெயந்திதானே, அப்பாவுக்கு ஆபீஸ் கெடையாதே. அன்னிக்கு வந்து இட்டுகினு போவச் சொல்லு. வளையல் கிளையல்லாம் எனக்கு வேணாம். ஊட்டுக்கு வந்தா போதும். சொல்றியா?"

"சொல்றேன்."

"மறக்காத கண்ணு."

மறக்கவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. அதை ஒரு நிமிஷம்கூட நான் மறக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா கேட்டார். "உள்ள போனியே, அக்கா எப்படிடா கீது? ஏதாச்சும் சொல்லிச்சா?" வெளியே வயலில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை அப்பா வெம்பாக்கம் போனால் பத்து நாள் இல்லை. கடல் இல்லை. அதைக்கூட விட்டுவிடுவேன். எம் பையன் என்று அப்பா சொன்னது இல்லாமல் போய்விடும். என் வாயில் முதலில் வந்தது, "நல்லா கீது மாமா." அதற்குப்பின், "ஒண்ணும் சொல்லல."

மாமா அதையே அம்மாவிடம் சொன்னார். "மூஞ்சி பௌர்ணமி நெலாவாட்டம் கீதுக்கா. கவலப்படாத." அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஐந்து நாள் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, சொல்லிவிடலாம் என்று அம்மா பக்கத்தில் போய் நிற்பேன். அவள் மெட்ராசுக்கு எடுத்துப் போக மிளகாய்ப் பொடி அரைத்துக்கொண்டிருப்பாள், துணி மடித்துக்கொண்டிருப்பாள். "இன்னாடா, சும்மா சும்மா வந்து நிக்கிற?" என்பாள். ஒன்றுமில்லை என்று போய்விடுவேன். தெருமுனை வரை ஓடித் திரும்பி வருவேன். புதன்கிழமை மாமாவின் வீடு வரை போனேன். அவர் தறிக் குழியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "மெட்ராசு தொரைக்கு வழி விடுங்க" என்று சத்தம் போட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். எல்லோருக்கும் இப்படித்தான் என்று அக்காவின் மாமியாரே சொல்லியிருக்கிறார்களே. பெரியவர்களுக்குத் தெரியாதா?

மெட்ராசைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. கடலைப் பார்த்தேன். சித்தப்பாவின் பிள்ளைகள் அலைக்குள் ஓடினார்கள். நான் ஈர மணலில் காலை வைத்து எடுத்துப் பார்த்தேன். கால் வைத்த இடத்தில் குழி விழுந்தது. தண்ணீர் வந்து உடனே நிரப்பிவிட்டது. எப்போது சனிக்கிழமை வரும் என்று சித்தியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "வந்தவன் போறதிலேயே குறியா கீறானே" என்று அவர்கள் சிரித்தார்கள். அப்பா மட்டும் அந்த நாட்களில் வேறு ஆளாக இருந்தார். சுண்டல் வாங்கித் தந்தார், பாட்டுப் பாடினார். ஒவ்வொரு நாளும் காலையில் என் முதுகில் தட்டி, "இன்னும் எத்தினி நாள் பாக்கி, கணக்குப் பிள்ள?" என்று கேட்டார். என் வாழ்நாளில் அப்பா என்னோடு சந்தோஷமாக இருந்தது அந்த எட்டு நாள்தான். அதை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை, நினைக்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் கண்ணாடி வளையல் டஜன்களோடு வெம்பாக்கத்தில் இறங்கினோம். அக்கா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஆயுத பூஜை அன்று காலையில் அக்காவுக்கு வலிப்பு வந்திருக்கிறது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே போய்ச் சேரும்போதே வயிற்றில் குழந்தை இறந்துவிட்டிருந்தது. அக்கா மூன்று நாள் கண் திறக்கவில்லை.

வந்த வழியே திரும்பக் காஞ்சிபுரம் ஓடினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில், தூணில் சாய்ந்து, மாமா உட்கார்ந்திருந்தார். ஐந்து நாள் தாடி. வேட்டியெல்லாம் அழுக்கு. ஆயுத பூஜைக்குத் தறிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பூட்டிய வீட்டுக்கு வந்த தந்தியைத் தபால்காரர் அவரிடம் கொடுத்திருக்கிறார். மெட்ராசில் சித்தப்பா வீடு எங்கே என்று அவருக்குத் தெரியாது. அப்படியே பஸ் ஏறிவிட்டார். ஐந்து நாளும் எங்கள் பக்கத்து மனிதர் என்று அங்கே இருந்தது அவர் ஒருவர்தான். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது கையில் வாங்கியதும் அவர்தான்.

அம்மா உள்ளே போய் அக்காவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வந்ததும் மாமாவின் சட்டையைப் பிடித்தாள்.

"கண்ணால பாத்துட்டு வந்தியேடா பாவி! நெலாவாட்டம் கீதுன்னியே! வீங்கினதுக்கும் சத போட்டதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"அக்கா, நான் எட்டி நின்னுதான் பாத்தேன். உள்ள போவ முடியுமா நானு? பையந்தான் உள்ள போனான். அவன் சொன்னதத்தான் நான் சொன்னேன்."

"பச்சப் புள்ள மேல போடறியா?"

மாமா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "டேய், நீ சொல்லு. அக்கா ஏதாச்சும் சொல்லிச்சா அன்னிக்கு?"

வராந்தாவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா, அம்மா, அக்காவின் கணவர், ஒரு நர்ஸ். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்காவின் கட்டில். அவள் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அக்கா மெதுவாகத் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாமா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அடுத்த அமாவாசைக்கு அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த அமாவாசைக்கும் இல்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு, அம்மாவும் அவள் தம்பியும் பதினேழு வருடம் பேசவில்லை. அம்மா இறந்தபோது அவர் வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அப்பா அலமாரிக் கதவிலிருந்து அந்தக் காலண்டரைச் சுரண்டி எடுத்துவிட்டார். அதன்பின் அவர் லீவு போட்டால், தேவையான அந்த ஒரு நாளுக்குத்தான் போடுவார். என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அந்தக் கணக்குக்குத் தன்னைத்தான் அவர் குற்றவாளியாக நினைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அதையும் நான் அப்படியே விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு அதன்பிறகு குழந்தை இல்லை. கணவரும் போய்விட்டார். இப்போது செய்யாறில் தனியாக இருக்கிறாள். லேப்டாப்பும் பேத்தியின் குதிப்பும் முடிந்த மறுநாள், வீட்டில் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்டா."

"எப்படிக்கா?"

"நீ சொல்லியிருந்தா அப்பா வந்திருப்பாரு. அவரு வரல. வேற இன்னா தெரியணும்?"

"அன்னிக்கே ஏன் சொல்லல நீ?"

"பதினோரு வயசுப் புள்ள. அம்மா உன்ன உரிச்சிருக்கும். அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு நாளு போயிடுச்சி. அதுல எனக்கும் பங்கு கீது." கீரைக் காம்புகளைத் தள்ளி வைத்தாள். "மாமாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"செத்து எத்தினி வருசம் ஆவுது?"

"எட்டு."

"அப்ப எங்கிட்ட வந்து இன்னாத்துக்கு சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க ஆரணியில கீறாங்க. மாமா சம்சாரம், அத்த, இன்னும் இருக்காங்க இல்ல? போ. காபி கூட வேணாம், போ."

போனேன். மாமா வீட்டில் கைத்தறி இப்போது இல்லை. பின்பக்கம் கொட்டகை போட்டு நான்கு விசைத்தறி. காது செவிடாகும் சத்தம். மாமாவின் மகன், அவனுக்கே ஐம்பது தாண்டிவிட்டது, என்னை வாசலுக்கு அழைத்து வந்து நிறுத்தினான். அவனிடம் சொன்னேன். கையிலிருந்த நூல் பிசிறை உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"தெருவுல எந்தப் பொண்ணு மாசமா இருந்தாலும் எங்கப்பா நேரா போயி, கால காட்டும்மான்னு கேப்பாரு. மருமவப் பொண்ணுங்ககிட்ட கூட. மானம் போவுதுன்னு நாங்க சண்ட போட்டிருக்கோம். உள்ள போயி பாத்திருக்கணும்டா நானு, உள்ள போயி பாத்திருக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு." நூலைக் கீழே போட்டான். "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூறை நெருங்கும் வயது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் காதருகே குனிந்து சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "இன்னா? யாரு இன்னா சொன்னாங்க?" என்றார்கள். மறுபடி சொன்னேன். கையை உதறி, "அந்தத் தறிய நிறுத்தச் சொல்லுடா!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார்கள்.

ஒவ்வொன்றாக நான்கு தறியும் நின்றன. நான் குரலை உயர்த்திச் சொன்னேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். எலும்பு மட்டும் இருந்த கை, ஆனால் விடவில்லை.

"எல்லாரையும் கூப்புடு" என்றார்கள். மருமகள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். பேரன்கள் இரண்டு பேர் வந்தார்கள். தறிக்காரப் பையன்களும், சத்தம் நின்றுவிட்டதே என்று பார்க்க வந்த எதிர்வீட்டுப் பெண்மணியும் வாசலில் நின்றார்கள்.

"எம் புருசன் பொய் சொன்னாருன்னு ஊரே சொல்லிச்சி. பச்சப் புள்ள மேல பழி போட்டாருன்னு எங்க நாத்தனா சொல்லிச்சி. கேட்டுக்குங்க எல்லாரும்." அத்தை என் கையை விட்டார்கள். "எந்திரி. ஒக்காந்துகினு சொல்லாத. மொதல்லேருந்து சொல்லு, சத்தமா."

எழுந்து நின்றேன். அமாவாசை அன்று வெம்பாக்கம் போனதிலிருந்து ஆரம்பித்தேன்.